கடலூரா, சிதம்பரமா

ஆண்டார்சத்திரம்
14.6.2009

பவானி அக்காவுக்கு,

சிலம்பு எழுதுறேன். கிழிச்சுப் போடாத, முழுசா படி.

போன் பண்ணா என் கொரலக் கேட்டதும் வெச்சிடுற. அன்பரசு மாமா எடுத்தா "அக்கா குளிக்கிறா"ன்னு சொல்றாரு. காலையில பண்ணாலும் குளிக்கிற, சாயங்காலம் பண்ணாலும் குளிக்கிற. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ்ல தண்ணி ஒழுங்கா வரலன்னு போன வருசம் நீதான அம்மாகிட்ட பொலம்புன. அதான் லெட்டர்.

காலேஜ வுட்டதப் பத்தி எழுதல. அது முடிஞ்ச கத. எனக்கு மெஷினு புடிக்கும், மெஷினப் பத்தி போர்டுல எழுதிப் போடுறது புடிக்காது. அவ்ளோதான். இப்ப ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். எங்க ஊர் ஸ்டாண்டுல என் வண்டிதான் சத்தம் கம்மி.

விசயம் என்னான்னா, போன வாரம் என் ஆட்டோவுல ஒரு கொழந்த பொறந்துடுச்சு.

பஸ் ஸ்டாண்டுல பூக்கட வெச்சிருக்குமே ராசம்மா, அதுக்குத்தான். வலி எடுத்துடுச்சு, வண்டி எடுன்னாங்க. எடுத்தேன். மாமியா "கடலூருக்குப் போ"ன்னுச்சு. ஆலப்பாக்கம் வரைக்கும் போயிட்டேன். அங்க ராசம்மா அண்ணன் பைக்ல வந்து குறுக்க நிறுத்துறான். "எவன்டா கடலூருக்குப் போவச் சொன்னான், சிதம்பரத்துல எனக்குத் தெரிஞ்ச நர்சு இருக்குது, திருப்பு"ங்கிறான். அந்த நர்சு நீதான். மாமியாளும் அவனும் நடு ரோட்டுல சண்ட. திருப்புனேன். நம்மூரத் தாண்டி புதுச்சத்திரம் கூட வரல, கொழந்த வந்துடுச்சு.

மாமியாதான் பாத்துச்சு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னேன், வேற என்னா செய்ய. தாயும் புள்ளயும் நல்லா இருக்குது. பொண்ணு. ஊர்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க, ஆட்டோக்காரன் ஆஸ்பத்திரி தொறந்துட்டான்னு. எனக்கு சிரிப்பு வரல. சீட்ட மூணு தடவ கழுவுனேன்.

நம்மூரு ரெண்டு ஊருக்கும் நட்ட நடுவுல மாட்டிக்கிச்சுக்கா. எவனுக்கு என்னா ஆனாலும் மொத வேல கடலூரா சிதம்பரமான்னு சண்ட. நெஞ்ச புடிச்சிக்கிட்டு ஒருத்தன் கெடப்பான், சுத்தி நின்னு பட்டிமன்றம் நடத்துவானுங்க. கவருமெண்டு ஆஸ்பத்திரி, அதான் பி.எச்.சி.க்குப் போவணும்னா பஸ் மாறணும்.

நீ நர்சு. கேக்குறேன், சொல்லு. ஒரு ஊருக்கு சின்னதா ஒரு ஆஸ்பத்திரி வெக்கணும்னா மொதல்ல என்னா வேணும்?

சிலம்பு


அண்ணாமலை நகர்
27.6.2009

சிலம்பரசனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுசாகப் படித்தேன். இனிமேலும் கடிதமே எழுது. போனில் நீ கத்துவாய். கடிதத்தில் கத்த முடியாது. நானும் டியூட்டி முடிந்து, சாப்பிட்டு, நிதானமாகக் கோபப்பட்டுக்கொள்ளலாம்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். டைப்ரைட்டிங் லோயரோடு நின்றது. கராத்தே பச்சை பெல்ட்டோடு நின்றது. கோழி வளர்க்கிறேன் என்று கூண்டு செய்தாய், கதவு வைக்கவில்லை. கோழிகள் தேவநாதன் மாமா அரிசி மில்லுக்குப் போய்விட்டன. கடைசியாக இன்ஜினீயரிங். அந்த சீட்டுக்கு நான் யார் யார் முன்னால் போய் நின்றேன் என்று உனக்குத் தெரியும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னிடம் ஒன்று சொன்னேன். "எதையாவது ஒண்ண முழுசா முடிச்சிட்டு அப்புறம் என் மூஞ்சில முழி." அது அப்படியேதான் இருக்கிறது. நான் ஊருக்கு வருவதில்லை என்று அம்மா அழுவதாக எழுதாதே. அம்மாவிடம் நான் தினமும் பேசுகிறேன்.

கேட்டதற்குப் பதில். முதலில் வேண்டியது டாக்டர். எல்லாரும் கட்டடத்தில் ஆரம்பிப்பார்கள், அதனால்தான் ஊருக்கு ஊர் பூட்டிய கட்டடம் நிற்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் டாக்டர் அமராவதி என்று ஒருவர் இருக்கிறார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பயிற்சியில் இருந்தபோது அவரிடம் திட்டு வாங்கித்தான் வேலை கற்றுக்கொண்டேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்டுப் பார். என் பெயரைச் சொல்லாதே. நீ பாதியில் விட்டுவிட்டு ஓடும்போது அவமானம் எனக்கு வேண்டாம்.

ராசம்மாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டு எழுது. இதை மறக்காதே.

பவானி


ஆண்டார்சத்திரம்
9.8.2009

அக்கா,

போட்டாச்சு. ராசம்மா ஒனக்கு வணக்கம் சொல்லச் சொன்னுச்சு. நான்தான் வண்டியில இட்டுக்கினு போனேன்.

நீ செந்தமிழ்ல திட்டுனா ஜாஸ்தி வலிக்குதுக்கா. அடுத்த தடவ சாதாரணமா திட்டு. கோழிக் கூண்டுக்குக் கதவு வெக்கலங்கிறது பொய். வெச்சேன். கொக்கிதான் வெக்கல.

அமராவதி டாக்டரப் பாத்தேன். கதவத் தொறந்ததும் "என்னா ஒடம்புக்கு?"ன்னாங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, ஊருக்குன்னேன். ஒரு நிமிசம் மொறச்சாங்க. "ஏதாவது கட்சியா?" இல்லன்னேன். "படிக்கிறியா?" நிறுத்திட்டேன்னேன். "ஏன்?" போரடிச்சுதுன்னேன். சிரிச்சிட்டாங்க. எடம் இருந்தா வர்றேன்னாங்க. ஒன் பேர சொல்லல, ஆனா அவுங்களா கேட்டாங்க, "பவானின்னு ஒரு பொண்ணு உங்க ஊரு, மூக்கு இதே மாதிரி இருக்கும், தம்பியா நீ?"ன்னு. மூக்க நான் என்னா பண்றது.

அடுத்தது எடம். சந்தத் தெருவுல வியாபாரிங்க சங்கம் கல்யாண மண்டபம்னு ஒண்ணக் கட்டி, பந்தி மேக்க பாக்கறதா கெழக்க பாக்கறதான்னு சண்ட போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்களே, அதான். பஸ்ஸு கூட "மண்டபம் எறங்கு"ன்னு நிக்குது. உள்ள ஆடுதான் குடியிருக்குது. சங்கக் கூட்டத்துல போயி அத குடுங்கன்னு கேட்டேன்.

தேவநாதன் மாமாதான தலைவரு. "ஏன்டா, நாலு பேரு சந்தோசமா வந்து போற எடம்டா அது. அங்க போயி சீக்காளியப் படுக்க வெக்கச் சொல்ற"ன்னாரு. இன்னொருத்தரு, "கராத்தே பாதி, காலேஜு பாதி, இதுவும் பாதியில நின்னா பாதி ஆஸ்பத்திரிய வெச்சி என்னா பண்றது"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுந்து கத்தலாம்னு பாத்தேன்.

அதுக்குள்ள அமராவதி டாக்டரு பேசிட்டாங்க. என் ஆட்டோவுலதான் வந்தாங்க, ஒரு மூலயில உக்காந்திருந்தாங்க. தேவநாதன் மாமாவப் பாத்து, "ஐயா, நீங்க ராத்திரியில படுத்துத் தூங்குறீங்களா, உக்காந்து தூங்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான் கேட்டாங்க.

அத்தக்காரி வாசப்படியில நின்னுக்கிட்டு, "உக்காந்துதான் டாக்டரம்மா, ஒரு வருசமா. மில்லு தவுடு நெஞ்சுல போயி அடச்சிக்கிச்சு. டாக்டர்கிட்ட போலாம்னா கடலூர் வேணாம் சிதம்பரம் வேணாங்கிறாரு"ன்னுச்சு. மாமா அதப் பாத்து மொறைக்கிறாரு, ஆனா இருமல் வந்துடுச்சு.

கடசியா ஒத்துக்கிட்டாரு. ஒரே கண்டிசன். "பங்குனி கடசி வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள ஜனங்க வரலன்னா, வைகாசி முகூர்த்தத்துக்கு அது மண்டபம்தான். அப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது." டாக்டரும் அதே கெடுதான் சொன்னாங்க. "யாரும் வரலன்னா நான் எதுக்கு அங்க வந்து ஃபேனுக்குக் கீழ பேப்பர் படிக்கணும்? அத மஞ்சக்குப்பத்துலயே படிச்சிக்குவேன்."

பங்குனி வரைக்கும்தான் எனக்கு டைம். ஆட்ட வெளிய ஓட்டிட்டேன்.

சிலம்பு


அண்ணாமலை நகர்
22.8.2009

சிலம்பரசனுக்கு,

ஆட்டை ஓட்டினால் போதாது. தரையை ஆசிட் ஊற்றிக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிறகு மறுபடியும் கழுவு. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? கட்டில் எத்தனை என்று யோசித்தாயா? பிரசவத்துக்குத் தனி அறை வேண்டும், கதவோடு. கொக்கியோடு.

டாக்டர் என் மூக்கை ஞாபகம் வைத்திருப்பது ஆச்சரியம். அவரிடம் வேலை பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கான பேர். மற்றபடி நான் எதுவும் சொல்லவில்லை. ஆரம்பிப்பதில் நீ எப்போதுமே கெட்டிக்காரன்.

பவானி


ஆண்டார்சத்திரம்
12.1.2010

அக்கா,

கொக்கி வெச்சாச்சு. நானே வெச்சேன். வயரிங்கும் நான்தான். மோட்டார், தொட்டி, மூடி, எல்லாம்.

அஞ்சு மாசமா எழுதல, வேல. வுட்டுட்டு ஓடிட்டான்னு நெனச்சிருப்ப. இந்தா இன்விடேசன் வெச்சிருக்கேன், பாரு. தைப்பூசத்துக்கு ஊரே வடலூர் போயிடும், அதனால அதுக்கு முன்னாடியே தேதி வெச்சிட்டோம்.

ஒரு கூத்து கேளு. ஊர்ல உபயம் கேட்டுப் போனோம். ஃபேன் நான் தர்றேன், பெஞ்சு நான் தர்றேன், கடிகாரம் நான் தர்றேன்னு அடிச்சிக்கிறாங்க. கடிகாரமே நாலு வந்துடுச்சு, நாலும் நாலு டைம் காட்டுது. ஆனா கட்டிலு தர ஒருத்தன் வரல. ஏன்னு கேட்டா, "சீக்காளி படுக்குற கட்டில்ல எங்கப்பா பேர எழுதுறதா, நல்லா இருக்கும்போதே?"ங்கிறான். பெஞ்சுக்குப் பேரு எழுதலாமாம், கட்டிலுக்கு எழுதக் கூடாதாம்.

நான் தலையில கைய வெச்சி உக்காந்திருந்தேன். பூக்கட ராசம்மா வந்து, "நான் ஆட்டோவுல பெத்தவ. எனக்கு எந்தக் கட்டிலும் பெரிய எடம்தான். எம் பேர எழுது"ன்னு ஒரு கட்டிலு குடுத்துச்சு. பூ வித்த காசு. கொட்ட எழுத்துல "உபயம்: பூக்கடை ராசம்மாள்"னு செவப்பு பெயிண்ட்ல எழுதி வெச்சேன். அத பாத்துட்டு அப்புறம்தான் மத்தவனுங்களுக்கு ரோசம் வந்து ஒவ்வொண்ணா வந்துச்சு. பேரு மட்டும் வேணாம்னுட்டாங்க.

கூப்புடுறேன். மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னா நான் மோட்டார் ரூம்ல உக்காந்துக்குறேன். நீ வந்து டாக்டரப் பாத்துட்டுப் போ.

சிலம்பு


அண்ணாமலை நகர்
18.1.2010

சிலம்பரசனுக்கு,

அழைப்பிதழைப் படித்துவிட்டு நானும் உன் மாமாவும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க அன்புடன் அழைக்கிறோம்." ஆஸ்பத்திரிக்கா? சுற்றமும் நட்பும் சூழ வந்து படுத்துக்கொள்ளவா? கீழே வேறு "தங்கள் நல்வரவை நாடும்" என்று தேவநாதன் மாமா பெயர். பிரஸ்காரர் கல்யாணப் பத்திரிகை அச்சிலேயே பெயரை மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறார், நீ படிக்காமல் வாங்கி வந்திருக்கிறாய். ஓரத்தில் நாதஸ்வரம் மேளம்கூட இருக்கிறது. பார்த்தாயா இல்லையா?

நான் வரவில்லை. திறப்பது ஆரம்பம்தான், முடிவு இல்லை. ஆனால் அழைப்பிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வார்டில் எல்லாருக்கும் காட்டினேன். ராசம்மாளுக்கு என் வணக்கம் சொல்.

பவானி


ஆண்டார்சத்திரம்
20.2.2010

அக்கா,

நாதஸ்வரம் பாத்தேன். அழகா இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன். இப்ப அது பிரச்சின இல்ல.

தொறப்பு விழாவுக்கு ஊரே வந்துச்சு. பால் காச்சுனாங்க, கேசரி போட்டாங்க, எல்லா ரூமையும் சுத்திப் பாத்தாங்க, ராசம்மா கட்டில்ல பசங்க ஏறி குதிச்சானுங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடசியில தேவநாதன் மாமா மைக்க புடிச்சாரு. அவுரு மில்லு தொறந்தப்போ பேசுனாரு பாரு, அதே ஞாபகத்துல, "சரி, மொத போணி யாரு? கைராசியான ஆளு யாராச்சும் வந்து மொத சீட்டு போடுங்க, வியாபாரம் அமோகமா நடக்கட்டும்"னுட்டாரு.

அக்கா, ஜனங்க ஒரு அடி பின்னால போச்சு. நெசமா. முன்னால நின்ன ஒரு அம்மா புள்ளயத் தூக்கி முந்தானையில மறச்சிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு மொத போணியா போவ எவனுக்கு மனசு வரும்? டாக்டரு தலையில அடிச்சிக்கிட்டாங்க.

அதோட முடிஞ்சுது. அன்னிக்கிலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் ஒரு ஆளு வரல. மொத ஆளா போனா வூட்டுக்கு ஆவாதுன்னு ஊர் பூரா பேச்சு. காய்ச்சல் வந்தா கம்பளியப் போத்திக்கிட்டு எங்க வாசலத் தாண்டி நடந்து போயி, பஸ் ஸ்டாப்புல நின்னு கடலூருக்கு ஏறுறானுங்க. என்னப் பாத்தா அந்தாண்ட திரும்பிக்கிறானுங்க. ஒருத்தன் சொல்றான், "யாராச்சும் மொதல்ல போவட்டும் சிலம்பு, ரெண்டாவது ஆளா கண்டிப்பா நான் வர்றேன்." எல்லாப் பயலும் ரெண்டாவது ஆளு.

ராசம்மா வர்றேன்னுச்சு. அதுக்கும் புள்ளைக்கும் ஒரு தும்மல் கூட இல்ல. டாக்டரு அத பாத்துட்டு, "நல்லா இருக்கிறவங்களுக்கு நான் சீட்டு போட மாட்டேன், போயி பூ வித்துக்கோ"ன்னு அனுப்பிட்டாங்க. அவுங்க நேர்ம அவுங்களுக்கு.

டாக்டரு டெய்லி வர்றாங்க. பேப்பர் படிக்கிறாங்க. நேத்து குறுக்கெழுத்துல ஒரு வார்த்த என்கிட்ட கேட்டாங்க. தேவநாதன் மாமா நேத்து ஒரு ஆளோட வந்து ஹால அளந்து பாத்துட்டுப் போறாரு, வைகாசிக்கு. என்னப் பாத்து, "வருத்தப்படாதடா, முயற்சி பண்ணுனல்ல"ங்கிறாரு. அவுரு நல்லவருதான், அதான் கடுப்பா இருக்குது.

மத்ததெல்லாம் நானா வுட்டேன்க்கா. வுடும்போது வலிக்கல. இத நான் வுடல. இது என்ன வுட்டுட்டுப் போவுது. இது வேற மாதிரி இருக்குது.

சிலம்பு


அண்ணாமலை நகர்
3.3.2010

சிலம்பு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியைப் படிக்கவில்லை. அது எனக்கு எழுதியது.

எங்கள் வார்டுக்கு ஆண்டார்சத்திரத்துக்காரர்கள் வருவார்கள். ஒருவர் படுத்திருந்தால் பார்க்கப் பத்துப் பேர். ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. பார்வை நேரம் முடிந்தது, போங்கள் என்றால், "அவரு எங்க சித்தப்பா மச்சினரும்மா, பாக்காம போனா நாளைக்கி ஒரு வார்த்த வந்துடும்" என்பார்கள். போகும்போது ஒருத்தர் என்னிடம் மெதுவாக, "நர்சம்மா, அப்படியே எனக்கு பிரஷர் ஒரு தடவ பாத்துடேன்" என்பார். இதே ஜனங்கள்தான். நோயாளியாக வரத்தான் பயப்படுகிறார்கள். நோயாளியைப் பார்க்க வருவதென்றால் கடமை.

இதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தோன்றியதை எழுதினேன். பொய்யாக ஒருத்தரைப் படுக்க வைக்கலாம் என்று உன் புத்தி போகும். போக விடாதே. டாக்டருக்குத் தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவார்.

உருப்படியாக ஒன்று சொல்கிறேன். வாசல் வளைவில் சிமெண்டில் "திருமண மண்டபம்" என்று இருக்கிறதே, அதை எடுத்துவிட்டாயா? எடுத்திருக்க மாட்டாய். அம்மாவிடம் கேட்டேன், அப்படியேதான் இருக்கிறதாம். கல்யாண மண்டபம் என்று எழுதிய இடத்துக்கு யார் காய்ச்சலோடு வருவார்கள்? நீயே நம்பாதது மாதிரி அல்லவா இருக்கிறது. முதலில் அதைக் கொத்தி எடு. ஒழுங்காக ஒரு போர்டு மாட்டு.

ஏணியை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

பவானி


ஆண்டார்சத்திரம், ராசம்மா கட்டிலு
28.3.2010

அக்கா,

யாரும் புடிச்சிக்கல.

பதறாத. அம்மா போன்ல அழுதது ஜாஸ்தி, ஆனது கம்மி. நெத்தியில தையலு. வலது கால்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குது, எலும்பு ஒடையல. உக்காந்து நானேதான் எழுதுறேன்.

நடந்தது இதான். நீ சொன்ன மாதிரி கொத்துனேன். "திருமண"வ எடுத்துட்டேன். "மண்டப"த்துல பாதி எடுக்கும்போது ஏணி வழுக்கிடுச்சு. வேணும்னே வுழுந்தியான்னு கேப்ப. அம்மா மேல சத்தியமா இல்ல. வேணும்னு வுழுறவன் கீழ மெத்தையப் போட்டுட்டு வுழுவான்.

நெத்தியில ரத்தம் கொட்டுது. சந்தத் தெரு ஜனம் பூரா ஓடியாந்துடுச்சு. ஒருத்தன் துண்ட வெச்சி அமுக்குறான். இன்னொருத்தன் கத்துறான், "வண்டி எடுங்கடா, கடலூருக்கு." பழக்கட தங்கராசு, "கடலூர் வேணாம், இவன் அக்கா சிதம்பரத்துல இருக்குது, சிதம்பரம்"ங்கிறான். "தலையில அடி பட்டிருக்குதுடா, கடலூர்தான் கிட்ட." "எது கிட்ட, நீ அளந்தியா?" சண்ட ஆரம்பிச்சிடுச்சுக்கா. நான் எங்க கெடக்குறேன்? ஆஸ்பத்திரி வாசப்படியில. போர்டு என் பக்கத்துல கெடக்குது, "சமுதாய மருத்துவமனை"ன்னு. மேல ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது.

"உள்ள தூக்குங்கடா, டாக்டரு உள்ளதான்டா இருக்காங்க"ன்னு கத்துனேன். எல்லாரும் அப்படியே நின்னுட்டானுங்க. அப்புறம் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கிட்டு, மெதுவா தூக்குனானுங்க. அமராவதி டாக்டரு பேப்பர மடிச்சி வெச்சிட்டு எழுந்தாங்க. ராசம்மா கட்டில்ல போட்டு தையல் போட்டாங்க. எக்ஸ்ரேக்கு மட்டும் அவுங்க கார்லயே கடலூர் இட்டுக்கினு போயி, திருப்பி இங்கயே கொண்டாந்து படுக்க வெச்சிட்டாங்க. "தலையில அடிபட்டிருக்கு, காலும் ஊன முடியாது, நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காத"ன்னாங்க. வெரட்டுறதுக்கு ஆளு கெடச்ச சந்தோசம் அவுங்க மூஞ்சில தெரிஞ்சுது.

இப்ப நீ எழுதுனது நடக்குது. மறுநாள் காலையில மொத ஆளா தங்கராசு வந்தான், சாத்துக்குடியோட. அப்புறம் அவன் பொண்டாட்டி. அப்புறம் சங்கத்துக்காரங்க. பாக்காம இருந்தா இவன் அம்மா தில்லையம்மா நாளைக்கி ஒரு வார்த்த கேட்டுடுமேன்னு தெரு தெருவா வர்றாங்க. அம்மா வாசல்ல நின்னு வரவேக்குது, கல்யாண வூடு மாதிரி. சுற்றமும் நட்பும் சூழத்தான் வர்றாங்கக்கா. இன்விடேசன்ல தப்பே இல்ல.

டாக்டரு ஒரு வேல பண்ணாங்க. ஒருத்தரையும் வெரட்டல. "ஒவ்வொருத்தரா உள்ள போங்க, மத்தவங்க பெஞ்சுல உக்காருங்க"ன்னுட்டாங்க. பெஞ்சுல உக்காந்தா சும்மா இருக்குமா நம்ம ஜனம்? "டாக்டரம்மா, வந்தது வந்துட்டேன், இந்த முட்டி வலிய..." அவ்ளோதான். நான்தான் மொத போணி ஆயிட்டனே, எல்லாப் பயலும் இப்ப ரெண்டாவது ஆளு.

தேவநாதன் மாமா மட்டும் வரல. நேத்துதான் வந்தாரு, ஒரு பெரிய ரொட்டியோட. கட்டிலு பக்கத்துல உக்காந்து, "மண்டபத்தக் கொத்துனா அது சும்மா வுடுமாடா"ன்னு சிரிச்சாரு. சிரிப்பு இருமலா மாறிடுச்சு. நிக்கவே இல்ல. மூஞ்சி நீலமாயிடுச்சு. டாக்டரு ஒண்ணுமே கேக்கல. கையப் புடிச்சி பக்கத்துக் கட்டில்ல உக்கார வெச்சி, மூஞ்சில மாஸ்க்க மாட்டி, மெஷின போட்டாங்க. அந்த மெஷினுக்கு பிளக் பாயிண்டு நான் வெச்சது.

கொஞ்ச நேரத்துல மூச்சு வந்துச்சு. அப்படியே சாஞ்சாரு. படுத்தாரு. படுத்துத் தூங்கிட்டாருக்கா. கொறட்ட வுட்டாரு. அத்தக்காரி வந்து கால் மாட்டுல நின்னு அத பாத்துக்கிட்டே இருந்துச்சு. எழுப்பாதீங்கன்னு எல்லாருக்கும் கையக் காட்டுச்சு.

சாயங்காலம் எழுந்து வேட்டிய சரி பண்ணிக்கிட்டு வெளிய போனாரு. ஏணி இன்னும் வாசல்லயே சாஞ்சிருந்துச்சு. தங்கராசக் கூப்புட்டு, "அந்த மீதி எழுத்தையும் கொத்திடு. ஏணிய நான் புடிச்சிக்கிறேன்"னாரு. நான் ஜன்னல்ல பாத்தேன்.

எழுதி மாளல. ஒரு அம்மா புள்ளயத் தூக்கிக்கிட்டு வருது, மெய்யாவே காய்ச்சலு. நர்சு பத்தல.

சிலம்பு


அண்ணாமலை நகர்
5.4.2010

சிலம்பு,

ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வை என்று எழுதியதற்குப் பதில், அந்த எழுத்தை எடுக்கச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அம்மா போன் பண்ணினாள். அப்போதே கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன், இது உனக்குத் தெரியாது. அதற்குள் அமராவதி டாக்டரே போனில் கூப்பிட்டார். "உன் தம்பிக்கு ஒண்ணுமில்ல. வாய் நல்லா வேல செய்யுது. ஆனா நீ வர்றதா இருந்தா அவன் படுத்திருக்கான்னு வராத, எழுந்ததும் வா" என்றார். திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னால் நான் கேட்டுத்தான் பழக்கம்.

இந்த ஒரு வாரமாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை முழுசாக முடித்துவிட்டு என் முகத்தில் விழி என்றேன். நீயும் அதற்காகத்தான் இவ்வளவும் செய்தாய் என்று நினைத்தேன். ஆனால் நீ எடுத்திருப்பது முடிகிற வேலை இல்லையே. நான் பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஒரு நாளும் வேலை முடிந்ததில்லை. டியூட்டிதான் முடியும். இன்றைக்கு ஒரு கட்டில் காலியானால் சாயங்காலம் ஒருவர் வருவார். போன மாசம் சரியாக இருந்த மோட்டார் இந்த மாசம் ரிப்பேர் ஆகும். நீதான் ஓட வேண்டும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதையும் முடிக்கத் தெரியாதவன் கையில் முடியவே முடியாத வேலை போய்ச் சேர்ந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான்.

என் நிபந்தனைப்படி பார்த்தால் நீ கிழவனாகும் வரைக்கும் என் முகத்தில் விழிக்க முடியாது. நிபந்தனையை நான் சரியாக யோசித்துப் போடவில்லை. ஆகவே நீ வர வேண்டாம். நான் வருகிறேன்.

எனக்கு வாரத்தில் ஞாயிறு ஓய்வு. மாசத்தில் இரண்டு ஞாயிறு உங்கள் ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு முதல். மாமாவும் வருகிறார், சுற்றமும் நட்பும் சூழ என்று போட்டிருக்கிறதே என்கிறார். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

பிரசவ அறைக் கொக்கியைத்தான் முதலில் பார்ப்பேன்.

பவானி


ஆண்டார்சத்திரம்
8.4.2010

அக்கா,

கொக்கி ஸ்ட்ராங்கா இருக்குது, இழுத்துப் பாரு. எழுந்து நொண்டிக்கிட்டு நடக்குறேன். அம்மா ஒனக்கு எறா வாங்கணும்னு இப்பவே கூடைய எடுத்து வெச்சிக்கிச்சு.

ஒரு விசயம். பஸ்ஸுல வரும்போது மண்டபம் ஸ்டாப்புன்னு சொல்லாத, முழிப்பான். கண்டக்டரே இப்ப மாத்திட்டான், நேத்து பெஞ்சுல உக்காந்திருக்கும்போது என் காதால கேட்டேன். டிக்கெட் எடுக்கும்போது ஆஸ்பத்திரின்னு சொல்லு. வாசல்லயே நிறுத்துவான்.

நான் வாசல்லதான் நிப்பேன்.

சிலம்பு